நெஸ்டா பெவன் கண்டுபிடித்த சாலை

என் அத்தை நெஸ்டா பெவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதைவிட, ஓட்ட விடவில்லை என்பதுதான் சரி. ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று முறை போனாள். மூன்றாவது முறை, அபர்கெலின் ஊருக்கு வெளியே பாலம் தாண்டியதும் வரும் வளைவில் வண்டியை நடுரோட்டில் நிறுத்தினாள். பக்கத்தில் இருந்த தேர்வாளரிடம், "அந்தத் தேவாலயத்தப் பாருங்க, வாசக்கதவு வயலப் பாத்து இருக்கு. அப்படின்னா ரோடு முன்ன அந்தப் பக்கமாத்தானே போயிருக்கணும்?" என்று கேட்டாள். பின்னால் ஒரு பால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தேர்வாளர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாராம். "இருக்கலாம் மிஸ் பெவன். ஆனா நீங்க ஃபெயில்" என்றாராம்.

அத்தை அபர்கெலினில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறாள். அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் சாலைகள். புதுச் சாலைகள் அல்ல, கைவிடப்பட்டவை. ஒரு நெடுஞ்சாலை திடீரென்று நேராகப் போகிறது என்றால், அதன் பழைய வளைவு எந்த வேலிக்குப் பின்னால் கிடக்கிறது என்று தேடுவாள். வீடுகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றன, வேலிமரங்கள் எங்கே விலகி நிற்கின்றன, வயலுக்கு நடுவே ஒரு பாலம் ஏன் தனியாக நிற்கிறது என்றெல்லாம் பார்ப்பாள். பஸ்ஸில் போனால் முன்சீட்டு, சன்னலோரம். டிரைவர்களுக்கு அது தெரியும். வேறு யாராவது உட்கார்ந்தால், "அது நெஸ்டாவோட சீட்டு" என்று எழுப்பிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர்கள் இந்தத் தீவு முழுக்க இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவர்களைச் சாலைக்காரர்கள் என்போம். அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. யாராவது ஒரு பழைய சாலையைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் கோடையில் எல்லாரும் அங்கே போய் அதன்மேல் நடப்பார்கள். கண்டுபிடித்தவர் முதல் அடியை வைக்கும்வரை வேறு யாரும் அதில் கால் வைக்கக்கூடாது. மழை கொட்டினாலும் அதே சட்டம்தான். ஒருமுறை கண்டுபிடித்தவருடைய கார் பழுதாகி, அவர் வந்து சேரும்வரை நாற்பது பேர் ஒரு வேலியோரம் மதியம் முழுக்க நின்றுகொண்டே சாண்ட்விச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் சாலைக்காரி அல்ல. என்னிடம் லைசென்ஸ் இருந்தது, சனிக்கிழமைகள் காலியாக இருந்தன. பேசாமல் ஓட்டுவேன் என்பதால் அத்தைக்கு என்னைப் பிடிக்கும்.

என் அப்பா ஹெவின் அத்தைக்கு அண்ணன். ஊர் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அண்ணன் பல்கலைக்கழகத்துக்குப் போனார், தங்கை பள்ளியோடு நின்றாள். அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம் அது, வீட்டில் ஒருவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அத்தை அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அப்பா ஆரம்பித்தால் மட்டும் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

"நெஸ், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத" என்பார் அப்பா, ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே. "நான் ஒரு குழாயில ரெண்டு திரவத்தச் சேத்தா நிறம் மாறும். நீ போய் ரோட்டப் பாத்தா என்ன மாறும்?"

"கார் வந்தா நான் ஓரமா மாறுவேன்."

அம்மாவுக்குப் புரையேறும். அப்பாவும் சிரிப்பார். ஆனால் விட மாட்டார்.

"பொழுதுபோக்குன்னு சொல்லு, யாரு வேணாங்கறா? ரயில் நம்பர எழுதிட்டு நிக்கறவங்க இல்லையா? அறிவியல்னு மட்டும் சொல்லாத."

"நான் அளக்கறேன், ஒப்பிடறேன், ஒரு முடிவுக்கு வரேன். நீ வேற என்ன செய்யற?"

"உன் முடிவு தப்புன்னா உன்கிட்ட வந்து யாரு சொல்லுவா? கல்லா சொல்லும்? செம்மறியாடா சொல்லும்?"

"நீ வந்து பாத்துச் சொல்லேன்! ஒருநாளாவது என்கூட வந்திருக்கியா?"

"மழையில நின்னு புல்லப் பாக்கறதுக்கா? அந்தப் புதினாச் சட்னிய இங்க தள்ளு."

இது எங்கள் வீட்டில் வருடக்கணக்காக நடந்த பேச்சு. யாரும் ஜெயித்ததில்லை. அத்தை மட்டும் பஸ் ஏறும்போது என்னிடம், "உங்கப்பா சும்மா சொல்றான்னு நெனைக்காத மாரெட், நெஜமாத்தான் சொல்றான்" என்பாள்.

அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு ப்ரின்டூ மலையில் இருந்தது. குதிரைவண்டிக் காலத்தில் ஷ்ரூஸ்பரியிலிருந்து கடற்கரைக்குப் போன சாலை, எங்கள் ஊருக்கு மேற்கே ஆற்றோரமாகப் பள்ளத்தாக்கில் போனது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இன்றைய நெடுஞ்சாலை அதன்மேல்தான் கிடக்கிறதாம். அந்தச் சாலையோரம் மைலுக்கு ஒரு கல் உண்டு. நாற்பத்திரண்டாவது கல் நிற்கிறது, நாற்பத்து நான்காவது நிற்கிறது. நடுவில் இருக்க வேண்டியதைக் காணவில்லை. அந்த நாற்பத்து மூன்றை அத்தை மலைமேல் கண்டுபிடித்தாள். இத்தெல் என்பவருடைய ஆட்டுப் பண்ணையில், புல் மூடிய ஒரு பழைய பாதையின் ஓரத்தில், பாசி படர்ந்து நின்றது. ஊர்ப் பெயரும் எண்ணும் தெளிவாக இருந்தன.

அப்படியானால் குதிரைவண்டிகள் அந்த இடத்தில் வெள்ளம் வரும் பள்ளத்தாக்கை விட்டு மலையேறி இறங்கியிருக்கின்றன என்பது அத்தையின் வாதம். நாற்பத்திரண்டாவது கல்லிலிருந்து மலைவழியாக அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனாள். ஒரு மைல் வர வேண்டும். கொஞ்சம் குறைந்தது. ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கியிருக்கும் என்றாள். இத்தெல்லைக் கேட்டாள். "நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் நிக்குது" என்றார் அவர். அந்தப் பாதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று எட்டுக் கோடைகள் அலைந்தாள். நான் வண்டியில் உட்கார்ந்து நாவல் படித்தேன்.

பிறகு எழுதி அனுப்பினாள். எங்கள் மாவட்ட வரலாற்றுச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகுதி வெளியிடும். பழுப்பு அட்டை, பொடி எழுத்து. அதில் எழுதுகிறவர்கள் எல்லாம் பேராசிரியர்கள், பாதிரியார்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள். அதன் பதிப்பாசிரியர் டாக்டர் லோவ்ரி எல்லிஸ் கட்டுரையை இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்து, கேள்விகள் கேட்டு, கடைசியில் ஏற்றுக்கொண்டார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தை சாப்பாட்டு மேசையில் செய்தியைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "அந்தத் தொகுதியிலயா?"

"ஆமா."

"எல்லிஸ் அம்மாவே எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆமான்னு சொல்றேன்ல."

"அப்ப சரி. புத்தகம் கைக்கு வரட்டும். அதுக்கப்புறம் நான் இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். இந்த வருஷ நடைக்கும் வரேன். மழை கோட்டு ஒண்ணு வாங்கணும்."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

ஜூலை மாதம் சாலைக்காரர்கள் சங்கத்தின் நடை ப்ரின்டூ மலையில் என்று முடிவானது. அத்தைதான் முதல் அடி வைப்பாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு இத்தெல் போன் செய்தார். அந்த வசந்தத்தில் பெய்த மழையில் கல் சாய்ந்துவிட்டதாம், வந்து பார்க்கச் சொன்னார். நாங்கள் போனபோது அவர் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, கல்லில் சங்கிலி கட்டிவிட்டிருந்தார்.

"நேரா நிமுத்தி வச்சுடலாம் நெஸ்டா. எழுபது பேரு வராங்க, கல்லு குடிகாரன் மாதிரி நின்னா எனக்குத்தான் அவமானம். எங்க வீட்டுக்காரி கேக் வேற போடறா."

கல் மெதுவாக மேலே வந்து புல்லில் சாய்ந்தது. அத்தை குழிக்குள் குனிந்தாள். அப்படியே குனிந்தபடி இருந்தாள். நான் அருகே போய்ப் பார்த்தேன். குழியின் அடியில் கெட்டியான சாம்பல்நிறத் தளம் இருந்தது. கையால் கலந்து ஊற்றிய சிமெண்டு. அதற்குள் பாதி புதைந்தபடி ஒரு துண்டு முள்கம்பியும், ஒரு ஜாம் பாட்டிலின் தகர மூடியும்.

குதிரைவண்டிக் காலத்துக் கல்லுக்கு அடியில் அவை இருக்க முடியாது.

சாலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் வந்து இறங்கினால் வழி தெரியக்கூடாது என்று, நாடு முழுக்க வழிகாட்டிப் பலகைகளைக் கழற்றினார்கள், மைல்கற்களைப் பிடுங்கிப் புதைத்தார்கள், எங்கெங்கோ கொண்டுபோய்ப் போட்டார்கள். போர் முடிந்ததும் திரும்ப நட்டார்கள். எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. இது தெரியாத சாலைக்காரர் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் தன்னுடைய கல் மட்டும் அசையவே இல்லை என்று நம்புவார்கள்.

இத்தெல் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "இதுல என்ன? முன்ன ஒருதடவ சாஞ்சிருக்கும். எங்கப்பா நிமுத்தி சிமெண்ட் போட்டிருப்பாரு."

"உங்கப்பா சொன்னாரா?"

"அவரு எதத்தான் சொன்னாரு? பேசற மனுஷனா அவரு?"

"இத்தெல், நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"ஐம்பத்து மூணு. ஏன், பிறந்தநாளுக்கு ஏதாச்சும் வாங்கித் தரப் போறியா?"

அத்தை விரல்விட்டு எண்ணினாள். அவர் பிறந்ததிலிருந்து அங்கே நிற்கிறது என்பது, போர் முடிந்து எட்டு வருடம் கழித்து அங்கே நின்றது என்று மட்டும்தான் சொல்கிறது. இத்தனை நாள் அந்தக் கணக்கை அவள் போடவில்லை.

"மூடிடலாம்" என்றார் இத்தெல். குரலைத் தாழ்த்தினார், கேட்க ஆடுகளைத் தவிர யாரும் இல்லாதபோதும். "நம்ம மூணு பேருதான் பாத்தோம். மாரெட் வாயே தொறக்காது. நானும் சொல்ல மாட்டேன்."

"கொஞ்ச நாள் கல் இப்படியே கெடக்கட்டும் இத்தெல்" என்றாள் அத்தை. "கிட்ட ஆடு வராம பாத்துக்கோங்க."

திரும்பும் வழியில் அவள் ஒரு வளைவைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பாலத்தருகே வந்ததும் சொன்னாள்: "இத்தெல் சொல்றதும் சரியா இருக்கலாம். சாஞ்சத நிமுத்தி இருக்கலாம். சிமெண்ட் மட்டும் எதையும் நிரூபிக்காது."

"ஆமா" என்றேன்.

"நீ ஆமான்னு சொல்லாத. எனக்கு ஆமான்னு சொல்ல ஆள் வேணாம்."

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே போன் வந்தது. "அந்த மஞ்சச் சட்டை ரெண்டும் வண்டியில இருக்கா? இருந்தா வா."

அவள் இரவு முழுக்க யோசித்துவிட்டிருந்தாள். கல் எப்போதுமே மலையில் நின்றது என்றால், கீழே நெடுஞ்சாலையோரம், நாற்பத்திரண்டாவது கல்லிலிருந்து சரியாக ஒரு மைலில் ஒன்றும் இருக்கக்கூடாது. வெறும் மண்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்றால், பிடுங்கின குழி இருக்கும். கல்லை நடும்போது சுற்றிலும் அடித்து இறுக்கிய சில்லுக் கற்கள் அப்படியே இருக்கும். யாரும் அவற்றைத் தோண்டி எடுக்க மெனக்கெட மாட்டார்கள்.

"அங்க ஒண்ணும் இல்லன்னா நான் பொழச்சேன்" என்றாள்.

நெடுஞ்சாலையோரம் அளவுச் சக்கரத்தை உருட்டினோம். வெளிச்சத்தில் மின்னும் மஞ்சள் சட்டையைப் பார்த்து, சாலை வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்து ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "எங்க வீட்டு முன்னாடி பள்ளம் எப்ப மூடுவீங்க?" என்று கத்திவிட்டுப் போனார். ஒரு மைல் முடிந்த இடத்தில் ஆளுயர முட்புதர். அத்தை கத்தரியால் வெட்டிக்கொண்டே உள்ளே போனாள். கையெல்லாம் கீறல். நான் கிளைகளை இழுத்துப் போட்டேன். எதுவும் இருக்கக்கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சாலைகள் பற்றி அக்கறை இல்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்ற அத்தையைப் பற்றி இருந்தது.

அவள் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திக் குத்திப் பார்த்தாள். மெத்தென்று இறங்கியது. ஓரடி தள்ளி மீண்டும் மெத்தென்று. பிறகு ஒரு முறை 'டிக்' என்றது. அதன் பக்கத்தில் இன்னொரு 'டிக்'. மண்ணைக் கையால் வழித்தாள். தட்டையான கற்கள், நிமிர்த்தி, நெருக்கமாக, சதுரமாக நடப்பட்டிருந்தன. நடுவில் வெறும் தளர்ந்த மண்.

அவள் மண்டியிட்டபடி அதையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"என்ன அழகா வச்சிருக்காங்க பாரு" என்றாள்.

அன்று மதியம் என் வீட்டிலிருந்துதான் டாக்டர் எல்லிஸுக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள், கையில் மருந்து தடவிக்கொண்டிருந்ததால்.

"சிமெண்டு மட்டும்னா நான்கூட அடிக்குறிப்பு போட்டு விட்டிருப்பேன் நெஸ்டா" என்றார் டாக்டர் எல்லிஸ், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "ஆனா குழியும் கெடச்சாச்சுன்னா..."

"ஆமா. எடுத்துடுங்க."

"அச்சுக்குப் போக ஒரு வாரம்தான் இருக்கு. வேற எழுத நேரம் இல்ல. இந்த வருஷம் உங்க பேரு வராது. புரியுதா?"

"புரியுது."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு வருத்தமா இருக்கு. நெஜமாவே."

"எனக்கும்தான்" என்றாள் அத்தை.

அந்த மலைப் பாதை எந்தக் காலத்தது, எதற்காகப் போட்டது என்று டாக்டர் கேட்டார். மாடு ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவர்களின் பாதையாக இருக்கலாமே, அதையாவது எழுதலாமே என்றார். அத்தை கொஞ்சம் தயங்கினாள். எனக்குத் தெரியும், அப்படி எழுத அவளுக்கு ஆசை இருந்தது. "இருக்கலாம். ஆனா எனக்குத் தெரியாது டாக்டர்" என்றாள்.

போனை வைத்ததும் என்னிடம் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கறேன்." ஆனால் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சாப்பாட்டுக்கு வரவில்லை.

நடை நாள் வந்தது. தூறல். இத்தெல்லின் முற்றத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் பெர்னார்ட் ஸ்கோல்ஸ், லங்காஷயர்காரர், பருத்த உடம்பு, எல்லாருடைய பெயரையும் உரக்கக் கூப்பிடுவார். அப்பா புது மழை கோட்டில், விலைச் சீட்டைக் கழற்ற மறந்து, ஓரமாக நின்றிருந்தார். மலைப் பாதை தொடங்கும் கதவருகே எழுபது பேரும் கூடி, அத்தைக்கு வழி விட்டார்கள். அவள் முதல் அடியை வைக்க வேண்டும்.

அவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பி நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள், வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலத்தில். அவளுக்கு ஆங்கிலத்தில் கூட்டத்தில் பேச வராது, வீட்டில் பேசும் எங்கள் மொழியிலேயே வராது. ஆனால் சொன்னாள். சிமெண்டு, முள்கம்பி, ஜாம் மூடி, முட்புதருக்குள் இருந்த குழி. சக்கரத்தில் மைல் குறைந்தபோதே யோசித்திருக்க வேண்டும், புல்மேல் பழியைப் போட்டேன் என்றாள். "இந்தக் கல் இங்க நின்ன கல் இல்ல. வண்டிச் சாலை கீழதான் போச்சு. எல்லாரும் சொன்னதுதான் சரி. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. மன்னிச்சுக்கோங்க."

பின்னால் ஒருவர், "நான் தெற்குக் கோடியில ப்ளிமத்லேர்ந்து வரேன்" என்றார். இன்னொருவர், "போன வருஷம் வெளியிட்ட என் கல்லோட அடியில நான் பாக்கவே இல்லையே" என்று தன் மனைவியிடம் மெல்லச் சொன்னார். அவள், "பாக்க வேணாம், பேசாம இரு" என்றாள்.

இத்தெல் எங்கள் மொழியில் என் காதருகே முணுமுணுத்தார்: "அறுபது துண்டு கேக்கு. இப்ப யாரு திங்கப் போறா?"

நான் அப்பாவைப் பார்க்கப் பயந்தேன்.

பெர்னார்ட் ஸ்கோல்ஸ் தொண்டையைக் கனைத்தார். "அப்ப இந்தப் பாதையில நீங்க முதல்ல போகக்கூடாது நெஸ்டா. இது உங்க சாலை இல்ல."

"தெரியும்" என்றாள் அத்தை.

"குழியக் கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்."

"பின்ன என்ன? சட்டம் சட்டம்தான். போங்க முன்னால. நீங்க போற வரைக்கும் நாங்க அங்க காலே வைக்க முடியாது."

இப்படியாக, எழுபது பேர் தங்கள் கார்களிலிருந்த மஞ்சள் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையோரம் ஒற்றை வரிசையில் நடந்து, ஒரு முட்புதருக்குள் இருந்த குழியைப் பார்க்கப் போனார்கள். லாரிகள் தண்ணீரை வாரி இறைத்தன. அத்தை முன்னால். நானும் பின்னால் போனேன், வண்டியில் உட்காரவில்லை. குழியருகே இரண்டிரண்டு பேராகத்தான் நிற்க முடிந்தது. ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து, குடைக்குக் கீழே வாதாடத் தொடங்கினார்கள்.

அப்பா கடைசியாக உள்ளே போனார். முள் கிழித்தது, புதுக் கோட்டு போயிற்று. மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். ரொம்ப நேரம் ஆயிற்று. அத்தை பக்கத்தில் முதுகு விறைத்து நின்றாள். கேலி வரப்போகிறது என்றுதான் நானும் எதிர்பார்த்தேன்.

"நெஸ், இது கல்லு நின்ன குழிதான்னு உனக்கு எப்படித் தெரியும்? வேலிக் கதவோட கம்பம் நின்ன குழியா இருந்தா?"

"அகலம் அளந்தேன். கல்லோட அடிப்பாகத்தோட ஒத்துப் போகுது."

"அகலம் எதேச்சையா ஒத்துப் போகலாம். ஆழம்?"

"ஆழம் எதோட ஒப்பிடறது? மேல அத சிமெண்ட்ல எவ்வளவு தூரம் எறக்கினாங்களோ அவ்வளவுதானே இருக்கும்?"

"இல்ல, இல்ல. யோசி. நூறு வருஷத்துக்கு மேல ஒரே மண்ணுல நின்ன கல்லு. மண்ணுல இருக்கற இரும்பு ஏறியிருக்கும். புதைஞ்ச பாகம் வரைக்கும் கறை இருக்கணும். மேல இருக்கற சிமெண்ட் குழிய விட இது ஆழம்னு வச்சுக்கோ. அப்படின்னா கறை, மேல புல்லு மட்டத்துக்கு மேலயும் கொஞ்சம் வந்திருக்கணும். அப்படி ஏதாவது இருக்கா?"

அத்தையின் வாய் திறந்தது. "அடிப்பக்கம் செம்பழுப்பா ஒரு பட்டை இருக்கு. அது... நான் மழைத் தெறிப்புன்னு நெனச்சேன் ஹெவின்."

"அளந்தியா?"

"அத ஏன் அளக்கப் போறேன்? தெறிப்புன்னுல்ல நெனச்சேன்!"

"டேப் எங்க?"

குழியின் ஆழத்தை அப்பா மூன்று இடத்தில் அளந்தார். எண்ணை உரக்கச் சொல்லாமல் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, அத்தையிடம் காட்டாமல் கையை மூடிக்கொண்டார். "நீ பாத்துட்டா கல்லுல அதையே தேடுவ" என்றார். அத்தை தலையாட்டினாள்.

பிறகு எல்லாரும் மலையேறினோம். இம்முறை யார் முன்னால் போவது என்று யாரும் கேட்கவில்லை. கல் புல்லில் சாய்ந்து கிடந்தது. இத்தெல் அதைச் சுற்றி ஆட்டு வேலி கட்டிவைத்திருந்தார். மழையில் நனைந்ததால் பட்டை தெளிவாகத் தெரிந்தது. சிமெண்டு ஒட்டிய இடத்துக்கு மேலே, ஒரு கை அகலத்துக்கு, துருப்பிடித்தது போன்ற நிறம். அதன் மேல்விளிம்பு கோடு போட்டது மாதிரி நின்றது.

கல்லின் அடியிலிருந்து பட்டையின் மேல்விளிம்பு வரை அத்தை டேப்பை வைத்தாள். ஒரு முறை வைத்து எடுத்து, மறுபடி வைத்தாள். எண்ணைச் சொன்னாள். எழுபது பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மூடியிருந்த கையைத் திறந்து, மழை அழிப்பதற்குள் பார்த்து, டேப்பைத் தானே வாங்கி இன்னொரு முறை அளந்தார்.

"என்ன ஹெவின்?"

"நெஸ், நீ முழுக்க முழுக்கத் தப்பு."

"எவ்வளவு?"

"ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லாம. இது அங்க நின்ன கல்லுதான்."

அத்தை கைகளைத் தட்டினாள். நிஜமாகவே தட்டினாள், கீறல் ஆறாத கைகளை. பெர்னார்ட் ஸ்கோல்ஸ் ஏதோ சத்தம் போட்டார், மற்றவர்களும் போட்டார்கள். எட்டுக் கோடைகளின் உழைப்பு இடிந்து விழுந்ததற்கு இப்படி ஒரு ஆரவாரம் வேறெங்கும் நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மலைமேல் அந்தத் தூறலில், முழங்காலெல்லாம் சேறாக நின்ற அவளைப் போல ஒருத்தி எங்கள் குடும்பத்தில் இருக்கிறாள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. எனக்கு அப்படித் தோன்றுவது அபூர்வம்.

தொகுதி அந்த ஆண்டு அத்தையின் பெயர் இல்லாமலே வந்தது. அதற்குள் சங்கத்தில் பலர் தங்கள் கற்களின் அடியைத் தோண்டிப் பார்த்திருந்தார்கள். இரண்டு சாலைகள் இல்லாமல் போயின. ப்ளிமத்காரர் இன்னும் அத்தையோடு பேசுவதில்லை.

ஆனால் அன்றைக்கு, கேக் எல்லாம் தீர்ந்து, கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிய பிறகும் அப்பா மலையை விட்டு இறங்கவில்லை. இத்தெல்லின் வேலிக் கதவில் சாய்ந்து, புல் மூடிய அந்தப் பாதை மேலே ஏறி மறைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிச் சாலை இல்லன்னா, இது என்னதான் நெஸ்?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படி? யாரோ வெட்டித்தானே போட்டிருக்காங்க. ரெண்டு பக்கமும் கரை இருக்கு பாரு."

"பாத்தேன். எட்டு வருஷமா பாக்கறேன். அந்த முனையில ஒரு ஓடை இருக்கு, அங்க கரை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ஏன்னு புரியல."

அப்பா கிழிந்த கோட்டின் பொத்தானைப் போட்டார். "எவ்வளவு தூரம்?"

"நடந்தா இருட்டறதுக்குள்ள வந்துடலாம்."

"மாரெட், நீ வண்டிய அந்தப் பக்கமா கொண்டுவந்துடு" என்றார் அப்பா. இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். யார் முதலில் கால் வைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.